தைபேயிலிருந்து ஷாங்காய் எவ்வளவு தூரம்?

தைபேக்கும் ஷாங்காய்க்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கேட்டால் எந்தக் கைபேசியும் நொடியில் சொல்லிவிடும்: சுமார் 680 கிலோமீட்டர். இரண்டு ஊர்களும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. தைபேயிலிருந்து கிளம்பி வடக்கே நேராகப் போனால் ஷாங்காய். இன்றைய ஜெட் விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதாக வைத்துக்கொண்டு வகுத்துப் பார்த்தால் 48 நிமிடம் வருகிறது. தூரத்தையும் நேரத்தையும் அருகருகே காட்டும் கணக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் போடப்படுகின்றன. ஆனால் அந்த 48 நிமிடத்தில் யாரும் தைபேயிலிருந்து ஷாங்காய் போய்ச் சேர்ந்ததில்லை. 1949 முதல் 1987 வரை சாதாரணப் பயணி ஒருவர் போகவே முடியாது; அதன் பிறகும் ஏறத்தாழ 20 ஆண்டுகள் இந்தப் பயணத்துக்குப் பாதி நாளை ஒதுக்கிவைக்க வேண்டியிருந்தது. இந்த வேறுபாட்டுக்கு விமானத்தின் வேகம் காரணமில்லை, பூமியின் வடிவமும் காரணமில்லை. ஆசியாவின் இரண்டு நகரங்களுக்கு இடையிலான பறக்கும் நேரத்தைத் தூரத்தை அளந்து மட்டும் சொல்லிவிட முடியாது. இரண்டு அரசுகளுக்கும் இடையில் என்ன பேசி முடிவாகியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண் புரியும்.

முதலில் அந்த 48 நிமிடத்தை ஒழுங்குபடுத்திக்கொள்வோம். விமானம் தன் முழு வேகத்தில் பறப்பது உயரத்துக்குப் போன பிறகுதான். மேலே ஏற ஏறத்தாழ 20 நிமிடமும், இறங்க அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும் ஆகும். அந்த நேரம் முழுக்க வேகம் குறைவு. தூரம் குறையக் குறைய, பயணத்தில் ஏறி இறங்கும் பங்கு கூடுகிறது. தென்கொரியாவில் சியோலின் கிம்போ நிலையத்திலிருந்து ஜேஜு தீவுக்கு 450 கிலோமீட்டர்தான். உலகிலேயே அதிகப் பயணிகள் பறக்கும் வழித்தடங்களில் ஒன்று. வகுத்துப் பார்த்தால் 32 நிமிடம். அட்டவணையிலோ ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருப்பார்கள். ஏனென்றால் அட்டவணை நேரம் என்பது விமானம் ஒரு நிலையத்தின் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் மறு நிலையத்தின் நிறுத்துமிடத்தில் வந்து நிற்பது வரைக்குமானது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்குப் பின் காத்திருப்பது, இறங்க அனுமதி கிடைக்கும்வரை வட்டமிடுவது எல்லாம் அதில் அடக்கம். இதையெல்லாம் சேர்த்தால் தைபே – ஷாங்காய் பறப்பு நேரம் ஒன்றரை மணியை ஒட்டியும், அட்டவணை நேரம் இரண்டு மணியை ஒட்டியும் வருவது நியாயமே. விளங்காமல் நிற்பது அரை நாள்தான்.

1949இல் சீன உள்நாட்டுப் போரில் தோற்ற குவோமின்டாங் அரசு தைவானுக்குப் பின்வாங்கியதும் தைவான் நீரிணையின் இரு கரைகளுக்கும் இடையே கப்பல், விமானம், தபால் எல்லாம் நின்றுபோயின. 1979 புத்தாண்டு நாளில் பெய்ஜிங், இந்தத் தொடர்புகளைத் திறக்கலாம் என்று அறிவித்தது. தைபே ஏற்கவில்லை. 1987இல்தான், சீனப் பெருநிலத்தில் இருக்கும் உறவினரைப் பார்க்கப் போகத் தைவான் தன் மக்களுக்கு அனுமதி கொடுத்தது. போகலாம், ஆனால் நேராகப் போக முடியாது. தைபேயிலிருந்து ஹாங்காங்குக்கு 800 கிலோமீட்டர் தென்மேற்கே பறந்து, இறங்கி, வேறு விமானம் மாறி, அங்கிருந்து 1,250 கிலோமீட்டர் வடகிழக்கே ஷாங்காய்க்குப் பறக்க வேண்டும். கூட்டினால் 2,050 கிலோமீட்டர். நேர்த் தூரத்தைப் போல மும்மடங்கு. வடக்கே இருக்கும் ஊருக்குப் போகத் தெற்கு நோக்கிக் கிளம்பினார்கள். நாற்பது ஆண்டு பார்க்காத அண்ணனையோ தாயையோ பார்க்கப் போன முதியவர்கள் ஹாங்காங் நிலையத்தின் நாற்காலிகளில் அடுத்த விமானத்துக்காகக் காத்துக் கிடந்தார்கள்.

இந்தச் சுற்றுவழி எப்படிப் படிப்படியாக நேரானது என்பதைக் கவனித்தால், பறக்கும் நேரம் எதனால் ஆனது என்பது தெளிவாகத் தெரியும். 2003 சந்திரப் புத்தாண்டுக்குத் தைவான் விமான நிறுவனங்களின் சிறப்பு விமானங்கள் ஷாங்காய்க்குப் போக அனுமதி கிடைத்தது. ஆனால் வழியில் ஹாங்காங்கிலோ மக்காவிலோ தரையிறங்கிவிட்டுத்தான் போக வேண்டும். விமானம் மாற வேண்டாம், அவ்வளவுதான் வித்தியாசம். 2005 புத்தாண்டுக்கு இரு தரப்பு நிறுவனங்களும் பறந்தன. தரையிறங்கும் கட்டாயம் போயிற்று. ஆனால் ஹாங்காங்கின் வான்வெளியை ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். 2008 மே மாதம் மா யிங்-ஜியோ தைவான் அதிபரானார். ஜூலை 4 முதல் வார இறுதி விமானங்கள் தொடங்கின. அவையும் ஹாங்காங் வான்வெளி வழியாகவே போயின. நவம்பரில் இரு தரப்புப் பேச்சுவார்த்தை அமைப்புகள் தைபேயில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2008 டிசம்பர் 15 அன்று, தைவானுக்கு வடக்கே கிழக்குச் சீனக் கடலுக்கு மேலாக நேர்வழி திறந்தது. அன்றைக்கே ஷாங்காய்ப் பயணத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் மிச்சமானது. 2003இல் பறந்ததும் 2008இல் பறந்ததும் ஒரே வகை விமானங்கள்தாம். எஞ்சினில் எதுவும் மாறவில்லை. கடல் அகலவும் இல்லை, குறுகவும் இல்லை. மாறியது காகிதத்தில் எழுதியிருந்த அனுமதி ஒன்றுதான்.

இதற்குச் சட்ட அடிப்படை 1944இல் சிகாகோவில் கையெழுத்தான பன்னாட்டு விமானப் போக்குவரத்து உடன்படிக்கையில் இருக்கிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்துக்கு மேலே உள்ள வான்வெளியின் மீது முழுமையான, தனியான இறையாண்மை உண்டு என்பதே அதன் முதல் விதி. நடுக்கடலைப் போல நாடுகளின் மேலுள்ள வானம் பொதுச்சொத்து அல்ல. ஒரு நாட்டின் மேலே வெறுமனே கடந்து போகவும் அந்த நாட்டின் இசைவு வேண்டும். பெரும்பாலும் அதற்குக் கட்டணமும் உண்டு. நாம் வாங்கும் டிக்கெட்டில் இப்படிக் கடந்துபோகும் கட்டணங்களும் அடங்கியிருக்கின்றன. ஆகவே வரைபடத்தில் இரண்டு புள்ளிகளுக்கிடையே இழுக்கும் மிகக் குறுகிய வளைகோடு கேள்வி மட்டுமே. வழியில் இருக்கும் ஒவ்வொரு தலைநகரும் அதற்கு விடை சொல்ல வேண்டும்.

தைவான் நீரிணை ஒரு விதிவிலக்கு, அதை வைத்துப் பொதுவிதி செய்யக் கூடாது என்று ஒருவர் மறுக்கலாம். அப்படியானால் டெல்லியிலிருந்து உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்டுக்குப் போகும் வழியைப் பார்க்கலாம். தூரம் சுமார் 1,580 கிலோமீட்டர். சென்னையிலிருந்து டெல்லி இதைவிடத் தூரம். 2025 ஏப்ரல் 24 அன்று, பஹல்காம் தாக்குதலுக்குப் பிந்தைய பதற்றத்தில், பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியது. சில நாட்களில் இந்தியாவும் பாகிஸ்தான் விமானங்களுக்கு மூடியது. பாகிஸ்தான் மூடியதுமே இண்டிகோ நிறுவனம் டெல்லியிலிருந்து தாஷ்கண்டுக்கும் அல்மாட்டிக்கும் இயக்கிவந்த சேவையை நிறுத்தியது. தன்னிடம் இருக்கும் விமானங்களின் பறப்பெல்லைக்கு அந்த ஊர்கள் அப்பால் போய்விட்டன என்பதே அது சொன்ன காரணம். 1,580 கிலோமீட்டரில் இருக்கும் ஊர் எட்டாத ஊராகிவிட்டது. மேற்கே சுற்றினால் அரபிக் கடல் வரை தெற்கே போய், ஈரான் வழியாக வடக்கே ஏற வேண்டும். கிழக்கே சுற்றலாம் என்றால் திபெத் பீடபூமி குறுக்கே நிற்கிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் திடீரென்று இறங்கினால் விமானி 3,000 மீட்டர் உயரத்துக்கு விரைவாக இறங்க வேண்டும். பயணிகளுக்கான அவசர ஆக்சிஜன் வழக்கமாக கால் மணி நேரத்தை ஒட்டித்தான் வரும். அங்கேயோ தரையே 4,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. கூடுதல் ஆக்சிஜன் ஏற்பாடு செய்த விமானங்கள் மட்டுமே அந்தப் பக்கம் நெடுநேரம் பறக்கத் துணியும். 2019இலும் பிப்ரவரி இறுதியில் மூடிய பாகிஸ்தான் வான்வெளி ஜூலையில்தான் முழுமையாகத் திறந்தது. இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே 2020இல் நின்ற நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில்தான் கொல்கத்தா – குவாங்சோ சேவையுடன் மீண்டும் தொடங்கின. இடையில் ஐந்து ஆண்டுகள் ஹாங்காங், சிங்கப்பூர், பாங்காக் வழியாகச் சுற்றினார்கள். இத்தனைக்குப் பிறகும் இதை விதிவிலக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வான்வெளியை மூடுவது பயணிகளின் உயிரைக் காக்கத்தானே, அதை அரசியல் பிடிவாதம் என்று தள்ளிவிடலாமா என்பது. 1983 செப்டம்பர் 1 அன்று சியோலை நோக்கிப் பறந்துகொண்டிருந்த கொரியன் ஏர் லைன்ஸ் 007 விமானம் வழி தவறிச் சோவியத் வான்வெளிக்குள் போய், சக்காலின் தீவருகே சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் இறந்தார்கள். 2014 ஜூலையில் கோலாலம்பூர் நோக்கி வந்த மலேசியன் ஏர்லைன்ஸ் 17, கிழக்கு உக்ரைனின் போர்க்களத்துக்கு மேலே வீழ்த்தப்பட்டபோது 298 பேர். அந்த வான்வெளி முழுமையாக மூடப்பட்டிருந்தால் அவர்கள் உயிரோடு இருந்திருப்பார்கள். ஆகவே ஆபத்துக்காக மூடும் வானத்தைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. இன்னும் சீக்கிரம் மூட வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் மூடுவதில் இரண்டு வகை இருக்கிறது. ஏவுகணை பறக்கும் வானத்தில் எந்த நாட்டு விமானமும் பறக்கக் கூடாது. அங்கே எல்லோருக்கும் ஒரே தடை. ஆனால் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றுக்கொன்று போட்ட தடை அப்படிப்பட்டதல்ல. 2025 மே மாதச் சண்டை நாட்களை விட்டுவிட்டால், மற்ற நாட்டு விமானங்கள் அதே வானத்தில் அதே உயரத்தில் போய்வந்துகொண்டிருந்தன. வால்பகுதியில் எந்தக் கொடி வரைந்திருக்கிறது என்பதைப் பொறுத்த தடை அது. ஹாங்காங்கைத் தொட்டுவிட்டுப் போ என்ற விதியும் யாரையும் ஆபத்திலிருந்து காக்கவில்லை. பயணி இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்றில் கூடுதல் நேரம் உயிருக்கு ஈடு. மற்றதில் அது அபராதம். அதைக் கட்டுவது அரசுகள் அல்ல, விமானத்தில் உட்கார்ந்திருப்பவர்கள்.

இன்னொரு சாராரின் வாதம் சந்தை பற்றியது. ஆள் இருந்தால் விமானம் வரும், இல்லையென்றால் வராது, இதில் அரசுக்கு என்ன வேலை என்பார்கள். தைபே இதற்கு நேர் எதிர்ச்சாட்சி. 1990களிலேயே தைவானியத் தொழிலதிபர்கள் ஷாங்காயைச் சுற்றியும் குவாங்டாங்கிலும் தொழிற்சாலைகள் கட்டிவிட்டார்கள். அவர்களும் அவர்களின் பொறியாளர்களும் குடும்பங்களும் மாறிமாறிப் போனதால் தைபே – ஹாங்காங் தடம் உலகிலேயே மிக நெரிசலான பன்னாட்டு வழித்தடங்களில் ஒன்றானது. ஆள் இல்லாமலா அப்படி? ஆள் இருந்தார்கள், பணமும் இருந்தது; வழிதான் இல்லை. தமிழர்களுக்கு நெருக்கமான சாட்சி சென்னை – யாழ்ப்பாணம். இரண்டுக்கும் இடையே சுமார் 360 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு மருத்துவத்துக்கும் திருமணத்துக்கும் கோயிலுக்கும் வர ஆசைப்பட்டவர்கள் எண்ணிக்கையில் என்றைக்கும் குறைவில்லை. ஆனால் போரினால் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் ராணுவத் தளமாக இறுகிக் கிடந்த காலம் முழுக்க, அவர்கள் தரைவழியே 400 கிலோமீட்டர் தெற்கே கொழும்புக்குப் போய், அங்கிருந்து 650 கிலோமீட்டர் வடக்கே பறந்தார்கள். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 சாலை மூடியிருந்த ஆண்டுகளில் அந்த வழியும் அடைபட்டது. 2019 அக்டோபரில் பலாலி பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டு, சென்னையிலிருந்து ஏடிஆர் வகைச் சிறு விமானம் இறங்கியது. கொரோனாவில் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. இப்போது ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டிய பயணம். தைபேக்காரர் தெற்கே போய் வடக்கே திரும்பியதும், யாழ்ப்பாணத்தார் தெற்கே போய் வடக்கே பறந்ததும் ஒரே கதை. சந்தையால் மட்டும் இதை விளக்கவே முடியாது.

இயற்கையின் பங்கைக் குறைத்துச் சொல்லவும் கூடாது. வானத்தில் எந்த அரசும் பேசித் தீர்க்க முடியாத ஒரு சக்தி இருக்கிறது. ஜப்பானின் தாதேனோ வானிலை ஆய்வகத்தில் வாசாபுரோ ஓய்ஷி 1920களில் பலூன்களை ஏவி, பல கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே மிகக் கடுமையான காற்று வீசுவதைக் கண்டார். தன் முடிவுகளை அவர் எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார், வெளியுலகம் கவனிக்கவில்லை. 1944இல் டோக்கியோவைத் தாக்க உயரத்தில் பறந்துவந்த அமெரிக்க பி-29 விமானங்கள் அந்தக் காற்றில் சிக்கிக் குறி தவறியபோதுதான் அதன் வலு எல்லோருக்கும் உறைத்தது. ஜெட் காற்று என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அது மணிக்கு 300 கிலோமீட்டரைக்கூடத் தாண்டும். ஹாங்காங் – டோக்கியோ தூரமும் சென்னை – சிங்கப்பூர் தூரமும் ஏறக்குறைய ஒன்றுதான், 2,900 கிலோமீட்டர். சென்னை – சிங்கப்பூர் பூமத்திய ரேகையை ஒட்டிய தடம். அந்த மேலைக்காற்று அங்கே எட்டாது. போகவும் வரவும் நான்கு மணி நேரத்தைச் சுற்றியே ஆகிறது. ஹாங்காங் – டோக்கியோ தடத்திலோ குளிர்காலத்தில் கிழக்கே போவதைவிட மேற்கே திரும்ப ஒரு மணி நேரத்துக்கும் மேல் கூடலாம். போகும்போது கிடைத்த லாபம் வரும்போது வந்த நஷ்டத்தைச் சரிக்கட்டிவிடும் என்று நினைப்பது இயல்பு. அது தவறு. 850 கிலோமீட்டர் வேக விமானத்துக்கு 150 கிலோமீட்டர் காற்று துணைநின்றால் 2,900 கிலோமீட்டரை 2 மணி 54 நிமிடத்தில் கடக்கும். அதே காற்று எதிர்த்தால் 4 மணி 9 நிமிடம். காற்றே இல்லாமல் போய்வருவதைவிட இது 13 நிமிடம் அதிகம். எதிர்காற்றில் நெடுநேரம் பறக்கிறோம், துணைக்காற்றில் கொஞ்ச நேரமே பறக்கிறோம் என்பதே காரணம். ஆனாலும் காற்று கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு. பருவம் மாறினால் அதுவும் மாறிவிடும். தைபே – ஷாங்காய் தடமோ தெற்கு வடக்காகக் கிடக்கிறது. மேலைக்காற்று அதற்குக் குறுக்காகவே வீசுகிறது, தள்ளுவதும் இல்லை, பெரிதாகத் தடுப்பதும் இல்லை. அரை நாளை அந்தக் காற்றின் தலையில் கட்ட வழியில்லை.

தரையிலும் மனித முடிவுகள்தாம் நேரத்தைக் கூட்டிக் குறைக்கின்றன. தைபேயின் பெரிய நிலையமான தாவ்யுவான் நகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஷாங்காயின் புதோங்கும் நகருக்கு வெகு வெளியே. 2010 ஜூனில், நகருக்குள்ளேயே இருக்கும் பழைய நிலையங்களான சோங்ஷானுக்கும் ஹோங்ச்சியாவுக்கும் இடையே இரு தரப்பின் ஒப்புதலோடு விமானங்கள் பறக்கத் தொடங்கின. பறக்கும் தூரம் குறையவில்லை. வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல்வரை ஆகும் நேரம் குறைந்தது. காலையில் கிளம்பி வேலையை முடித்து இரவு வீடு திரும்பக்கூட அதில் வழி பிறந்தது.

2008இலேயே எல்லாம் தீர்ந்துவிட்டதே, இனி அது பழங்கதைதானே என்று கேட்கலாம். தைவான் நீரிணையின் நடுக்கோட்டை ஒட்டி, சீனப் பக்கத்தில் எம்503 என்ற வான்பாதை 2015 மார்ச்சில் திறக்கப்பட்டது. அது தைவானுக்கு மிக அருகே வருகிறது என்று தைபே எதிர்த்ததால், பாதையை 6 கடல் மைல், அதாவது 11 கிலோமீட்டர், மேற்கே தள்ளிப் பறக்கச் சம்மதம் ஏற்பட்டது. ஜெட் விமானம் ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடும் தூரம் அது. 2018 ஜனவரியில் பெய்ஜிங் அதே பாதையில் வடக்கு நோக்கியும் விமானங்களை விடத் தொடங்கியது, தைபேயைக் கேட்காமல். பதிலுக்குத் தைபே, அந்தப் பாதையைப் பயன்படுத்திய இரண்டு சீன நிறுவனங்களின் புத்தாண்டுக் கூடுதல் விமானங்களுக்கு அனுமதி தர மறுத்தது. 176 விமானங்கள் ரத்தாயின. பெருநிலத்தில் வேலை செய்யும் தைவானியர்களின் பண்டிகைப் பயணம்தான் அதில் குலைந்தது. 2024 பிப்ரவரி 1 முதல் அந்த 11 கிலோமீட்டர் விலகலையும் பெய்ஜிங் நீக்கிவிட்டது. தைபே – ஷாங்காய் விமானங்கள் எம்503 வழியாகப் பறப்பதில்லை. அவற்றுக்கு இதனால் ஒரு நிமிடமும் கூடவோ குறையவோ இல்லை. ஆனால் அவை பறக்கும் வடக்குப் பாதையும் இதே போன்ற ஒரு சம்மதத்தின் மேல்தான் நிற்கிறது. அந்தச் சம்மதத்தில் 2008 நவம்பரில் கையெழுத்திட்ட இரண்டு அமைப்புகளுக்கும் இடையே 2016 முதல் முறையான பேச்சுவார்த்தை எதுவும் நடக்கவில்லை.